லேஅவுட் ரோடு ஊர் ரோட்டில் சேரும் இடம்: சென்னையில் மனை வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மனை பார்க்கப் போகிறவர்கள் விலை கேட்பார்கள், தண்ணீர் கேட்பார்கள், பக்கத்தில் ஸ்கூல் இருக்கிறதா என்று கேட்பார்கள். லேஅவுட்டின் ரோடு ஊர்ப் பொது ரோட்டில் எந்த இடத்தில், எவ்வளவு அகலத்தில், யாருடைய நிலத்தின் வழியாகப் போய்ச் சேருகிறது என்பதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. உள்ளே நாற்பது அடி தார் ரோடு போட்டு, இருபுறமும் மரக்கன்று நட்டு, ஆர்ச் கட்டி வைத்திருந்தாலும் வாசலில் வழி சரியில்லையென்றால் அந்த மனையில் வீடு கட்டுவதும் விற்பதும் பெரும் பாடு. அதனால்தான் இந்தக் கேள்வி பதில்.

புது லேஅவுட் ரோட்டைப் பொது ரோட்டோடு சேர்க்க எந்தச் சட்டம், யாருடைய அனுமதி?

அடிப்படை, தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971. அதன் கீழ் 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இப்போது நடைமுறையில் இருக்கின்றன. மனைப்பிரிவு, ரோடு அகலம், பூங்கா இடம், கட்டட உயரம் எல்லாம் அதில்தான் வருகின்றன. அனுமதி தருவது சென்னைப் பெருநகரப் பகுதிக்குள் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), அதற்கு வெளியே டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). நெடுங்காலமாக 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகர எல்லையை 5,904 ஆக விரித்து 2022-ல் அரசாணை வந்தது. அதனால் ஓரத்துக் கிராமங்களில் எந்த அலுவலகத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

திட்ட அனுமதி ஒன்று கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். லேஅவுட் சேருகிற ரோடு மாநகராட்சியுடையதா, ஊராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்பதைப் பொறுத்து அந்த ரோட்டுக்காரரின் சம்மதமும் தனியாக வேண்டும்.

ஊரில் எல்லோரும் நடக்கிற வழிதானே, அது பொதுச் சாலை ஆகாதா?

நடப்பது ஒன்று, ஆவணத்தில் இருப்பது இன்னொன்று. வருவாய்த் துறையின் எஃப்எம்பி வரைபடத்தையும் (சர்வே எண்ணின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படம்) அ-பதிவேட்டையும் (அந்த நிலம் என்ன வகை, யாருடையது என்று சொல்லும் கிராமப் பதிவேடு) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதைக்குத் தனி சர்வே எண் இருந்து, அ-பதிவேட்டில் 'வண்டிப்பாதை புறம்போக்கு', 'சாலை புறம்போக்கு' என்று இருந்தால் அது அரசு நிலம். வரைபடத்தில் புள்ளிக்கோடாக மட்டும் ஒரு பாதை ஒருவருடைய பட்டா நிலத்துக்குள் ஓடினால், ஊரே அதில் நடந்தாலும் மண் அந்தப் பட்டாதாரருடையது. வயல் இருந்த காலத்தில் மாட்டு வண்டி போக விட்டுக்கொடுத்த வழி அது. அதே வழியில் நூறு வீட்டுக்கு லாரியும் காரும் போகும் என்றால் அவர் சம்மதிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

புறம்போக்கு வண்டிப்பாதையாகவே இருந்தாலும் அகலம் போதாமல் போகலாம். பழைய வண்டிப்பாதைகள் பலவும் பத்துப் பன்னிரண்டு அடிதான். அப்படி இருந்தால் இருபுறத்து நிலத்தையும் வாங்கி, பாதையை அகலமாக்கி, அந்தத் துண்டையும் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த பிறகே லேஅவுட் நகரும். 'பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசிவிட்டோம், சீக்கிரம் எழுதிக் கொடுப்பார்' என்று புரமோட்டர் சொன்னால், எழுதிக் கொடுத்த பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

வேறு வழியே இல்லையென்றால் கோர்ட்டில் வழியுரிமை வாங்க முடியாதா?

1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஒரே நிலம் இரண்டாகப் பிரிந்து, பின்பக்கத்துப் பாகத்துக்கு வழியே இல்லாமல் போனால் தேவையின் பேரில் வழி கேட்கலாம். இடைவிடாமல், வெளிப்படையாக, உரிமையோடு 20 ஆண்டுகள் ஒரு வழியைப் பயன்படுத்தியிருந்தால் அந்த அடிப்படையிலும் கேட்கலாம்; அரசு நிலமாக இருந்தால் 30 ஆண்டுகள்.

ஆனால் இப்படிக் கிடைப்பது நடந்து போகும், வண்டி போகும் உரிமைதான். அதை வைத்துத் தோட்டத்துக்குப் போகலாம், இருக்கிற வீட்டுக்குப் போகலாம். நூறு மனை போட்டு விற்க அது பொதுச் சாலைக்கு ஈடாகாது. இதைக் காட்டி 'கோர்ட்டே வழி கொடுத்திருக்கிறது' என்று மனை விற்பவர்களை நம்ப வேண்டாம்.

உள் ரோடு எத்தனை அடி இருக்க வேண்டும்?

ரோடு நீள நீள அகலமும் கூட வேண்டும் என்பதுதான் கணக்கு. 2008-ல் வந்த சென்னையின் இரண்டாம் மாஸ்டர் பிளான் விதிகளில் இப்படி இருந்தது: 120 மீட்டர் நீளம் வரை, 16 மனைகளுக்கு மிகாத சிறு தெரு என்றால் 7.2 மீட்டர், 240 மீட்டர் வரை 9, 400 வரை 12, ஒரு கிலோமீட்டர் வரை 18, அதற்கு மேல் 24. உங்கள் லேஅவுட் எந்த ஆண்டில் அனுமதி பெற்றதோ, அந்த ஆண்டின் விதிதான் அதற்குப் பொருந்தும். புதியதென்றால் 2019 விதிகளையும் அதன் திருத்தங்களையும் பாருங்கள்.

விளம்பரத்தில் 24, 30, 40, 60 அடி என்று முழு எண்ணாகப் போடுவார்கள். 9 மீட்டர் என்பது இருபத்தொன்பதரை அடி, 12 மீட்டர் என்பது 39 அடி சொச்சம். அந்த அரை அடியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மனைக் கல்லுக்கும் எதிர்ப்பக்கத்துக் கல்லுக்கும் நடுவில் டேப் பிடித்தால் 26 அடிதான் வருகிறது, வரைபடத்தில் 30 என்கிறார்கள் என்றால் அதுதான் கவலை. யாரோ ஒருவருடைய மனையில் ரோடு ஏறியிருக்கிறது, அல்லது ரோட்டில் மனை ஏறியிருக்கிறது.

தெருமுனையில் மனையின் மூலையைச் சாய்வாக வெட்டி விடுவதும் விதிதான். வண்டி திரும்பும்போது எதிரே வருவது தெரிவதற்காக விட்ட இடம் அது. காம்பவுண்டு கட்டும்போது அந்த முக்கோணத்தையும் சேர்த்து வளைத்துக் கட்டுவது நம் ஊரில் சர்வசாதாரணம். தயவுசெய்து செய்யாதீர்கள், குழந்தைகள் சைக்கிளில் வருகிற முனை அது.

உள் ரோடு யாருக்குச் சொந்தம்? புரமோட்டருக்கா, சங்கத்துக்கா?

மனைப்பிரிவாக அனுமதி பெற்றதென்றால் இருவருக்கும் இல்லை. ரோட்டு அமைப்பு ஒப்புக்கொள்ளப்பட்டதும், ரோடுகளையும் பொதுத் திறந்தவெளி இடத்தையும் புரமோட்டர் உள்ளாட்சி பெயருக்குத் தானப் பத்திரமாகப் பதிவுசெய்து கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் இறுதி அனுமதி எண் விழும். திறந்தவெளி என்பது ஓஎஸ்ஆர், ரோடு நீங்கலான பரப்பில் 10 சதவீதம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடமென்றால் நிலமாகவே கொடுத்தாக வேண்டும், பணம் கட்டித் தப்ப முடியாது. இப்படித் தானமாக வாங்குவது சரிதானா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 பிப்ரவரியில் நீதிமன்றம் விதி செல்லும் என்று சொல்லிவிட்டது.

தானப் பத்திரம் ஆனாலும் ஒரு வேலை பாக்கி நிற்கும்: பட்டா மாற்றம். பல லேஅவுட்களில் ரோட்டின் பட்டா இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே இருக்கிறது. பதினைந்து, இருபது வருடம் கழித்து அவருடைய வாரிசுகள் பட்டாவைக் காட்டி, ரோட்டுத் துண்டையே மனை என்று விற்றுவிடுகிறார்கள். வாங்கியவர் ஒரு காலையில் வந்து வேலி போடுவார். உங்கள் சங்கம் இன்றைக்கே செய்யக்கூடிய உருப்படியான வேலை, ரோடு, பூங்கா எண்களின் பட்டா உள்ளாட்சி பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பார்த்து, மாறாவிட்டால் தாசில்தார் அலுவலகத்தில் மனு கொடுப்பது.

எங்கள் லேஅவுட் வாசலில் கேட் போட்டு செக்யூரிட்டி வைக்கலாமா?

ரோட்டைத் தானமாகக் கொடுத்த மனைப்பிரிவென்றால் கூடாது. அது பொதுத் தெரு. ஒரே நிலத்தில் அடுக்குமாடியாகவோ வில்லாக்களாகவோ அனுமதி பெற்ற குடியிருப்பு வேறு. அங்கே உள் வழி தனியாருடையது, கேட் போடலாம். அங்கேயும் ஓஎஸ்ஆர் இடத்துக்குப் பொதுமக்கள் பொது ரோட்டிலிருந்து நேரே போக வழி இருக்க வேண்டும்.

பக்கத்தில் புது லேஅவுட் போட்டு எங்கள் ரோட்டோடு சேர்க்கப் பார்க்கிறார்கள். தடுக்கலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக சண்டை. எங்கள் பதில் கேட்பவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம், இருந்தாலும் சொல்கிறோம்: தடுக்க உரிமை இல்லை, தடுப்பது உங்களுக்கும் நல்லதல்ல.

முதலில் உரிமை. ரோடு உள்ளாட்சியிடம் போய்விட்ட பிறகு அதன் கடைசி முனையில் யார் சேரலாம், கூடாது என்பதைத் தீர்மானிப்பது உள்ளாட்சியும் திட்ட அனுமதி தரும் அலுவலகமும்தான். லேஅவுட் வரைபடத்தைப் பரிசீலிக்கும்போதே பக்கத்து நிலத்துக்கு இணைப்பு ரோடு விடச் சொல்லி மாற்றும் அதிகாரம் அலுவலகத்துக்கு உண்டு. உங்கள் வரைபடத்தில் ஒரு ரோடு மனை எதுவும் குறுக்கே வராமல் எல்லைக் கோடு வரை போய் நிற்கிறதென்றால், அது அந்தப் பக்கம் நீள வேண்டும் என்பதற்காகவே விட்டது.

அப்படியும் தடுக்க ஒரு பழைய வித்தை இருக்கிறது. ரோட்டின் முனைக்கும் எல்லைக்கும் நடுவில் ஒரு அடி அகலத்தில் ஒரு துண்டைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, அதன் மேல் சுவர் எழுப்பிவிடுவது. பின்னால் வருகிற லேஅவுட்காரர் அந்த ஒரு அடிக்குக் கேட்ட விலை கொடுத்தால் சுவர் இடியும். நடுவில் அகப்பட்டவர்கள் மனை வாங்கியவர்கள். அதனால் வரைபடத்தில் ரோடு எல்லைக்கோட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடாமல் ஒரு மெல்லிய பட்டை மிஞ்சி நின்றால் அது யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள்.

அடுத்தது நன்மை தீமை. வாகனம் கூடும், குழந்தைகள் விளையாட முடியாது, திருட்டு பயம் என்று சொல்கிறீர்கள். பயம் நியாயமானது. வேகத்தடை, தெருவிளக்கு, கேமரா என்று அதற்கு வழி தேடலாம். ஆனால் ஒரே வாசல் உள்ள லேஅவுட்டை மழைக்காலத்தில் நினைத்துப் பாருங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு கரை மீறி வந்தபோது படகில்தான் ஆட்களை மீட்டார்கள். இரண்டாவது வழி ஒன்று மேட்டுப் பக்கமாக இருந்தால் தண்ணீர் ஏறும் முன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம், ஆம்புலன்ஸ் சுற்றாமல் வரும். தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை எத்தனையோ லேஅவுட்கள் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்கின்றன, நடுவில் ஒரு சுவர். பின்னாலிருக்கிற வீட்டுக்குப் போக ஜிஎஸ்டி ரோட்டுக்கு வந்து, யூ-டர்ன் அடித்து, அடுத்த தெருவில் நுழைய வேண்டியிருக்கிறது. ஜிஎஸ்டி ரோட்டின் நெரிசலுக்கு இந்தச் சுவர்களும் ஒரு காரணம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

எதிர்க்க வேண்டியது வேறு. புது லேஅவுட்டின் லாரிகள் உங்கள் ரோட்டை உடைத்தால் யார் சரிசெய்வது? அவர்கள் மண் கொட்டி இரண்டடி உயர்த்தினால் மழைநீர் யார் பக்கம் வரும்? இவற்றை எழுத்தில் கேளுங்கள், அனுமதி நிபந்தனையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஹைவே ஓரத்து நிலம். நேரே ஹைவேயில் வாசல் வைக்கலாமா?

நிலம் ரோட்டை ஒட்டி இருக்கிறது என்பதாலேயே வாசல் உரிமை வந்துவிடாது. தேசிய நெடுஞ்சாலை என்றால் 2002-ஆம் ஆண்டின் நிலம் மற்றும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும். வண்டி வேகம் குறைத்து நுழையவும், வேகம் பிடித்து வெளியேறவும் தனி லேன் கேட்பார்கள், வடிகாலுக்கு மேல் பாலம் கேட்பார்கள். மாநில நெடுஞ்சாலைக்கு 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலையில், நம் மக்கள் 400 அடி ரோடு என்கிறார்களே அதில், இருபுறமும் சர்வீஸ் ரோடு இருக்கிறது. உள்ளூர் வண்டிகளுக்கு வழி அதுதான். நடுத் தடுப்பை உடைத்து எதிரே யூ-டர்ன் திறந்து தருவார்கள் என்று யாராவது சொன்னால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

வாசலுக்கு முன்னால் வாய்க்கால் ஓடுகிறது. குழாய் பதித்து மண் போட்டு மூடிவிடலாமா?

கூடவே கூடாது. வாய்க்கால் புறம்போக்கு நீர்வழி. நீர்வளத் துறையிடம் தடையில்லாச் சான்று வாங்கி, அவர்கள் சொல்லும் அகலத்தில் சிறுபாலம் கட்ட வேண்டும். ஏரிக்கு வரும் தண்ணீரும் ஏரியிலிருந்து வெளியேறும் தண்ணீரும் போகிற வழி அது. கோடையில் காய்ந்து, குப்பை நிறைந்து, ஒன்றுக்கும் உதவாதது போலத் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் வந்து பாருங்கள். இரண்டு சிமெண்ட் குழாயில் அந்தத் தண்ணீர் அடங்காது.

2016-க்கு முந்தைய அப்ரூவல் இல்லாத மனை. அதன் ரோடு என்ன ஆகும்?

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவை நிறுத்தியது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள், அதாவது அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் விதிகள், வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்கு அவை பொருந்தும். முதலில் லேஅவுட் மொத்தத்துக்கும் ரோட்டு அமைப்போடு ஒப்புதல், பிறகுதான் தனித்தனி மனைக்கு. வரன்முறை ஆன மனையென்று காட்டினால், உங்கள் மனைக்கு முன்னால் ஓடும் தெரு அந்த ஒப்புதல் வரைபடத்தில் இருக்கிறதா, பொது ரோடு வரை தொடர்கிறதா என்று விரலால் கோடு பிடித்துப் பாருங்கள்.

அடுக்குமாடி கட்டப் போகிறோம். ரோடு அகலம் எவ்வளவு முக்கியம்?

எல்லாமே அதில்தான். 18.30 மீட்டர் உயரம் வரை உயரமில்லாக் கட்டடம், அதற்கு மேல் போனால் உயரமான கட்டடம். உயரமான கட்டடத்துக்குக் குறைந்தது 12 மீட்டர் ரோடு வேண்டும். எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு) முழுசாக 3.25 வேண்டுமென்றால் 18 மீட்டர். தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல் துறை ஆகியவற்றின் சான்றும் சேரும். ஆவணத்தில் உள்ள அகலம் மட்டும் போதாது; ரோடு தரையில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் அளப்பார்கள்.

மாஸ்டர் பிளானில் ரோடு அகலப்படுத்தக் குறித்த நிலம் உங்கள் முன்பக்கத்தில் வந்தால், அந்தத் துண்டை எழுதிக் கொடுத்துவிட்டு அதற்கான எஃப்எஸ்ஐ பலனை மீதி நிலத்தில் பெறலாம். இழப்பு என்று மட்டும் பார்க்காதீர்கள்.

வீட்டு வாசலில் சாய்தளம், வடிகால், ரோடு கட்: இதற்கெல்லாமும் விதி உண்டா?

உண்டு. சாய்தளமும் படியும் உங்கள் எல்லைக்குள்ளேயே முடிய வேண்டும், நடைபாதையில் ஏறினால் மாநகராட்சி இடிக்கும். மழைநீர் வடிகாலை மூடிக் கான்கிரீட் போடக் கூடாது. கழிவுநீரை அதில் விடவே கூடாது. குழாய்க்காக ரோட்டை வெட்ட முன் அனுமதியும் கட்டணமும் வேண்டும், வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் ரோடு வெட்டுவதை நிறுத்திவிடுவார்கள்.

ரோடு மட்டத்தைப் பற்றி: பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலர் அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் சுரண்டாமல் ரோலர் வந்து நின்றால், அந்த நிமிடமே உதவிப் பொறியாளருக்குப் போன் போடுங்கள். தார் விழுந்த பிறகு பேசிப் பயனில்லை.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

அனுமதி எண்ணோடு கூடிய லேஅவுட் வரைபடத்தை வாங்குங்கள். சிஎம்டிஏ என்றால் எண்ணில் பிபிடி, எல்ஓ என்ற எழுத்துகள் இருக்கும். விளம்பர பிரசுரத்தில் உள்ள வண்ணப்படம் வரைபடம் ஆகாது. ரோடு, பூங்கா தானப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள், பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டு அந்தப் பத்திர எண் வருகிறதா பாருங்கள். அப்புறம் லேஅவுட் வாசல் விழுகிற சர்வே எண்ணுக்கு எஃப்எம்பியும் அ-பதிவேடும் எடுங்கள். உங்கள் மனையின் சர்வே எண்ணுக்கு மட்டும் எடுப்பதுதான் எல்லோரும் செய்வது. பிரச்சினை இருப்பது வாசலின் எண்ணில்.

பிறகு டேப்போடு நேரில் போங்கள். பொது ரோட்டில் இறங்கி நின்று, வாசலின் அகலத்தை அளந்து, கடைசி முனை வரை நடங்கள். டீக்கடையில் இந்த வழி முன்னால் யாருடையதாக இருந்தது என்று விசாரியுங்கள். வழித் தகராறு இருந்தால் ஊருக்குத் தெரியாமல் இருக்காது.

வாங்கியாகிவிட்டது. இப்போது வழியை அடைத்துவிட்டார்கள். எங்கே போவது?

அடைத்த துண்டு தானப் பத்திரத்தில் இருந்தால் அது உள்ளாட்சியின் சொத்து. மண்டல அலுவலகத்தில், ஊராட்சி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம், ஆக்கிரமிப்பு என்றே மனு கொடுங்கள். தானப் பத்திரம் கையில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டி ஆர்டிஐ போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்க வேண்டியது மூன்று: அனுமதி வரைபடம், தானப் பத்திர எண், ரோட்டை உள்ளாட்சி ஏற்றுக்கொண்ட தேதி.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெராவில் (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவாகியிருக்க வேண்டும். மனை வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அனுமதித்த வரைபடத்தைப் புரமோட்டர் மாற்ற முடியாது. மனை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் வசதிகளில் குறை தெரிந்து சொன்னால், 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தத் தகவலை வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள். போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அடைத்த இடத்தின் புகைப்படத்தைத் தேதியோடு எடுத்து வைத்து, எத்தனை மனைக்காரர்கள் கிடைக்கிறார்களோ அத்தனை பேரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுங்கள்.